உலை வைப்பது யார் பொறுப்பு?



திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வரும் இளையோரிடம் பணம், பிள்ளைகள், மாமியார் வீடு, குடிப்பழக்கம் என்று பலவற்றைப் பற்றியும் பேசுகிறோம். இவற்றோடு ஒரு சிறிய கேள்வியையும் நான் கேட்பதுண்டு: "உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்?" பையன்கள் சற்று யோசிப்பார்கள். பெண்கள் யோசிப்பதே இல்லை. "அம்மாதான்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். "அம்மா என்ன சாப்பிடுவார்?" என்று அடுத்துக் கேட்டால் வகுப்பில் பேச்சு நின்றுவிடும். மீந்த சோறு, அடியில் தங்கிய குழம்பு, பொரியல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊறுகாய். இது நாம் எல்லோரும் அறிந்த செய்திதான். அறிந்திருந்தும் பேசாமல் விட்டுவிட்ட செய்தி.

நெல் விளையும் மண்ணில் வாழ்கிறவர்கள் நாம். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் சிவன் கோயில் வளாகத்தில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. வட்டமான செங்கல் கட்டடம். மேலே போகப்போகக் குவிந்து கூம்பாக முடியும். ஏறத்தாழ 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு எண்ணம் வரும். களஞ்சியத்தில் இருந்தது நெல்தான். நெல்லை யாரும் உண்ண முடியாது. அது சோறாகி இலையில் விழும்வரை செய்ய வேண்டிய வேலைக்கு நாம் எந்த நினைவுச்சின்னமும் கட்டவில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை இன்றைய இளம் தம்பதியர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நெல்லை இரவே அண்டாவில் ஊறப் போட வேண்டும். விடியுமுன் அவிக்க வேண்டும். பிறகு களத்தில் கொட்டி, காக்கையும் கோழியும் அண்டாமல் காவல் இருந்து, காலால் துழாவித் துழாவி உலர்த்த வேண்டும். பதம் தப்பினால் அரிசி நொறுங்கிவிடும். அதன்பின் உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, தவிடும் குருணையும் பிரித்தால்தான் அரிசி. (இப்படி அவித்துக் குத்திய புழுங்கலரிசியில் பச்சரிசியைவிட வைட்டமின் சத்து அதிகம் தங்கும். நம் பாட்டிமார் ஆய்வுக்கூடத்துக்குப் போகாமலே இதைச் செய்து வந்தார்கள்.) ஆறேழு பேர் உண்ணும் வீட்டில் இது ஓயாத வேலை.

ஒன்றை மறக்கக்கூடாது. அந்தக் காலத்துச் சமையலில் ஆணுக்கும் பங்கு இருந்தது. விறகு பிளப்பது அவர் வேலை. நெல் மூட்டையை வண்டியில் ஏற்றி இறக்குவதும், குடமுருட்டியில் தண்ணீர் வரும் நாள்களில் வலை வீசிக் கெண்டையும் குறவையும் கொண்டு வருவதும் அவரே. சமமான பங்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர் விறகு பிளக்காவிட்டால் அன்று அடுப்பு எரியாது.

பிறகு இயந்திரங்கள் வந்தன. அரிசி ஆலை உலக்கையை ஓய வைத்தது. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல் மெல்ல மெல்லக் கொல்லைப்புறத்துக்குப் போனது. 2006-இல் அமைந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2011-இல் அமைந்த அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தது. 2016-இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. புகையில் கண் கசிந்த தாய்மாருக்கு இவை பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. இலவசங்கள் என்று இவற்றை ஏளனம் செய்கிறவர்கள், ஒரு வாரம் ஈர விறகை ஊதிச் சமைத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை நடந்தது. எரிவாயு வந்ததும் விறகு பிளக்கும் வேலை அடியோடு மறைந்தது. அரிசி கடையிலிருந்தும், 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் விலையின்றியும் கிடைத்தபோது, மூட்டை சுமக்கும் வேலையும் குறைந்தது. அதாவது, சமையலில் ஆணுக்கு இருந்த பங்கை இயந்திரமும் கடையும் முழுதாக எடுத்துக்கொண்டன. பெண்ணின் பங்கோ இலகுவாயிற்றே தவிர, நீங்கவில்லை. போதாக்குறைக்கு எதிர்பார்ப்பும் கூடியது. அம்மி இருந்த காலத்தில் காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் போதும். மிக்சி வந்தபிறகு இட்லிக்கு இரண்டு வகைச் சட்னி, பள்ளிக்கு ஒரு டப்பா, அலுவலகத்துக்கு ஒரு டப்பா. அமெரிக்க வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட தம் நூலில் அந்நாட்டுக் குடும்பங்களைப் பற்றி ஏறக்குறைய இதையேதான் காட்டினார். வீட்டுக் கருவிகள் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளை நீக்கின. தாயின் வேலை நேரமோ எதிர்பார்த்தபடி குறையவில்லை. பாபநாசத்துக்கு வராமலே நம் அடுப்படியை எழுதியிருக்கிறார்.

நம் பகுதியில் வயல் வேலையும் சேர்ந்துகொண்டது. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. குறுவை பரவியது, ஒரு போகம் இருந்த பல இடங்களில் இரு போகம் ஆயிற்று. நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலை. காலை ஏழு மணிக்கு வயலில் நிற்க வேண்டுமென்றால் நாலு மணிக்கே உலை வைத்தாக வேண்டும். மாலையில் கணவனும் மனைவியும் ஒரே வரப்பில் வீடு திரும்புவார்கள். அவர் திண்ணையில் உட்காருவார். அவள் அடுப்படிக்குப் போவாள். இன்று வயலுக்குப் பதிலாகத் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ அலுவலகம். திண்ணைக்குப் பதிலாகக் கைப்பேசி. அடுப்படி மட்டும் அதே அடுப்படி.

இது என் கற்பனை அல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். 2019-இல் இது 299, 97 என்று இருந்தது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த 88 நிமிடம் என்பது வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டுமே. செய்யாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2019 ஆய்வில் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்கள் 81 பேர்.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஓய்வு நாள் என்று மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். யாருக்கு ஓய்வு? திருப்பலி முடிந்து கணவர் கறிக்கடைக்குப் போய் அரைக்கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்து கொடுத்துவிட்டால் அவர் கடமை முடிந்தது. கழுவி, மசாலா அரைத்து, குழம்பும் வறுவலும் ரசமும் வைத்து, உறவினருக்குப் பரிமாறி, எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரங்களைத் தேய்த்து முடிக்கும்போது மூன்று மணி. வாரத்தில் மிகக் கடினமான நாள் எது என்று நம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். தவக்காலமும் அப்படித்தான். கணவர் ஒருசந்தி இருக்கிறார் என்றால், பிள்ளைகளுக்குத் தனியாக, மாமனார் மாமியாருக்குத் தனியாக, ஒருசந்தி விடுபவருக்கு மறுபடியும் சூடாக என்று அவளுக்கு வேலை இரட்டிப்பாகிறது. அவளும் ஒருசந்திதான் இருப்பாள் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

கடைசியாகச் சாப்பிடுவதை நாம் தாயின் தியாகம் என்று போற்றுகிறோம். அன்னையர் நாளில் அதைப் பற்றிப் பிள்ளைகள் கவிதை வாசிக்கிறார்கள், நாம் கைதட்டுகிறோம். ஆனால் மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். மாதவிலக்கு, பேறுகாலம் ஆகியவையும் காரணங்கள்தாம். இரும்புச்சத்து அதிகம் தேவைப்படும் உடலுக்கு மீந்தது மட்டும் கிடைக்கிறது என்பதும் ஒரு காரணம். மீன் துண்டும் ஈரலும் முட்டையும் முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடுகின்றன. வெறும் சோற்றில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதோடு நம் பகுதியின் பெருமையான டிகிரி காபியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், உணவில் இருக்கும் கொஞ்ச இரும்பும் உடலில் சேராமல் போகும். தேநீரும் அப்படியே. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் ஏறும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, நடுவில் பாத்திரங்களை வைத்து, தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டால், அவளுக்கும் ஒரு துண்டு மீன் கிடைக்கும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சர்க்கரை நோயும் நம் வீடுகளுக்கு வந்துவிட்டது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் மருத்துவர் சொல்லும் உணவுமுறையைக் கேட்டுக்கொள்வது மனைவிதான். அவருக்குக் கேழ்வரகு அல்லது கோதுமை, மற்றவர்களுக்குச் சோறு என்று இரண்டு சமையல் தொடங்குகிறது. மனைவிக்குச் சர்க்கரை வந்தால்? பெரும்பாலான வீடுகளில் அவளுக்கென்று தனியாக எதுவும் வைப்பதில்லை. "எனக்கு மட்டும் எதுக்கு" என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே சோற்றைச் சாப்பிடுகிறாள். உண்மையில் இரண்டு சமையல் தேவையே இல்லை. சோற்றைக் குறைத்து, காயையும் கீரையையும் பருப்பையும் கூட்டுவது நோயுள்ளவருக்கும் நல்லது, நோயில்லாதவருக்கும் நல்லது. வீடு முழுவதும் ஒரே உணவுக்கு மாறினால் போதும். ஆனால் அதற்கு "எனக்குச் சோறு குறையக்கூடாது" என்று சொல்லும் மற்றவர்கள் சற்று இறங்கி வர வேண்டும்.

இந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கிவிட்டன. 2021 ஜனவரியில் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், இல்லத்தரசியின் வேலைக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. கணவர் சவுதி அரேபியாவில் வேலை செய்து பணம் அனுப்பினார்; மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்தார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருடையது என்பதே வழக்கு. மனைவி வீட்டைக் கவனித்ததால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவருக்கும் சமபங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கணவர் இருக்க, இங்கே மனைவி தனியாகக் குடும்பம் நடத்தும் வீடுகள் நம் வட்டாரத்தில் எத்தனை! இந்தத் தீர்ப்பை அவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோதும், பெண்களின் ஊதியமற்ற உழைப்பை ஏற்றுக்கொள்வதற்காக என்றே சொன்னது.

திருச்சபையும் இதில் வாய் மூடி இருக்கவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்ப அன்பு பற்றி எழுதிய 'அன்பின் மகிழ்ச்சி' மடலின் 286-ஆம் பத்தியில், கணவர் வீட்டு வேலைகளையும் பிள்ளை வளர்ப்பையும் ஏற்றுக்கொள்வதால் அவருடைய ஆண்மைக்கு எந்தக் குறையும் வராது என்று கற்பித்தார். யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் இரவெல்லாம் உழைத்துக் களைத்து வந்த சீடருக்குக் கரிநெருப்பில் மீன் சுட்டுக் காலை உணவு தயாராக வைத்திருந்தார். அங்கே அடுப்பு மூட்டியவர் ஆண்டவர்.

அப்படியானால் என்ன செய்யலாம்? "நான் என் மனைவிக்கு உதவி செய்கிறேன், சாமி" என்று பெருமையோடு சொல்லும் இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்த 'உதவி' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. உதவி என்றால் வேலை அவளுடையது, இவர் இரக்கப்பட்டுக் கைகொடுக்கிறார் என்று பொருள். உண்கிறவர் இருவர் என்றால் வேலையும் இருவருடையது. வெங்காயம் நறுக்கித் தருவதோடு நிற்காமல், ஒரு வேளை உணவை முழுதாகக் கணவர் ஏற்றுக்கொள்வது நல்லது. இரவுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது என்று முடிவெடுப்பது, மாவு இருக்கிறதா என்று பார்ப்பது, வாங்குவது, சமைப்பது, பாத்திரம் கழுவி அடுப்பைத் துடைப்பதுவரை எல்லாம் அவருடையது. ஏனென்றால் சமையலில் பாதி வேலை கையில் இல்லை, தலையில் இருக்கிறது. எண்ணெய் தீரப் போகிறது, சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும், உளுந்து ஊறப் போட வேண்டும், நாளை வெள்ளிக்கிழமை, கறி கூடாது என்று இடைவிடாமல் நினைத்துக்கொண்டே இருப்பதுதான் அவளைக் களைப்பாக்குகிறது. "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்பவர் அந்தப் பாதியை அவளிடமே விட்டுவிடுகிறார்.

முதல் தடை பெரும்பாலும் மாமியாரிடமிருந்து வரும். "எம் புள்ளைய அடுப்படியில நிக்க வைக்கிறியா?" என்று மருமகளைப் பார்த்துக் கேட்பார். இந்தக் கேள்விக்கு மருமகள் பதில் சொல்லக்கூடாது. மகன்தான் சொல்ல வேண்டும். "இல்லம்மா, நானேதான் நிக்கிறேன்" என்று நான்கு முறை சொன்னால் அம்மா பழகிவிடுவார். அவருடைய காலத்தில் அவருக்கு யாரும் அப்படி நிற்கவில்லை என்ற வருத்தமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அவருக்கும் ஒரு தம்ளர் காபி போட்டுக் கொடுங்கள்.

மனைவியருக்கும் ஒரு சொல். அவர் வைத்த குழம்பு நீர்த்திருக்கும். கடுகு கருகும். சிரிக்கலாம், ஆனால் கரண்டியைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். "நகருங்க, நானே செஞ்சிடறேன்" என்று சொன்னால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு நீங்களேதான் செய்ய வேண்டியிருக்கும்.

முதியோரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, ஊரில் இருவர் மட்டும் வாழும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நோயாளர் நற்கருணைக்காக அந்த வீடுகளுக்குப் போகும்போது பார்க்கிறேன். மனைவியை இழந்த பெரியவர், பத்துக்காணி நிலத்தைத் தனியாக நிர்வகித்தவர், ஒரு பிடி சோறு வடிக்கத் தெரியாமல் உணவகப் பொட்டலத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். மனைவி இடுப்பு எலும்பு முறிந்து படுத்த வீட்டில், படுக்கையிலிருந்தே அவர் சொல்லச் சொல்ல, தட்டுத்தடுமாறி ரசம் வைக்கும் எழுபது வயதுக்காரரையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டாமவர் எவ்வளவோ தேவலாம். இன்னும் பத்து ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தால் அந்த அம்மாளுக்கு வலியோடு வலியாகக் கத்த வேண்டிய நிலை வந்திருக்காது.

தொடங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். புழுங்கலரிசியை அரை மணி நேரமாவது ஊற வைத்தால் சீக்கிரம் வேகும். கஞ்சி வடிக்கும் கனமான பானையைத் தூக்குவது வீட்டில் வலுவுள்ளவரின் வேலையாக இருக்கட்டும். கொதிகஞ்சி கையில் கொட்டிய தழும்பு பல பெண்களிடம் உண்டு. ரசத்தைக் கொதிக்க விடக்கூடாது, நுரை கட்டி மேலெழும்போதே இறக்கிவிட வேண்டும். கும்பகோணத்துக் கடைகளில் வாங்கிய ஈயச் சொம்பு வீட்டில் இருந்தால் மிகுந்த கவனம் தேவை. அது காரீயம் அல்ல, வெள்ளீயம்; 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும், தீ பக்கவாட்டில் ஏறாதபடி சிறிதாக இருக்க வேண்டும். வெறும் சொம்பை வைத்துவிட்டுத் தக்காளி நறுக்கப் போனால், திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. தாளிப்பதற்கு வேறு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.